சிறுபான்மைப் புழு

பங்காளின்னா யாருன்னு எங்க பக்கத்துல யாருக்கும் வெளக்கம் சொல்லத் தேவையில்லீங்க. ஒரே பாட்டனுக்குப் பொறந்து, ஒரே கெணத்துத் தண்ணியக் குடிச்சு, ஒரே வரப்புக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு நம்மள மொறைக்கிறான் பாருங்க, அவன் பங்காளி. நல்லதுக்குக் கூப்புட்டா வரமாட்டான். சாவுன்னா கூப்புடாமயே வரோணும். அதுக்கும் வரலீன்னா அது பெரிய பகை. இப்படித்தான் நாங்க நெனச்சுக்கிட்டுப் பொழச்சோம். அதெல்லாம் தப்புன்னு சொல்றதுக்கு மெட்ராசுல இருந்து ஒரு ஜீப்பு வந்துது.

அறுவத்தி ரெண்டோ மூணோ, வருசம் சரியா நெனப்பில்ல. திருச்செங்கோட்டு ரோட்டுல எறங்கி வண்டித்தடத்துல உள்ள வந்தா எங்க காடு. எங்க ஊட்டுக்காரரு சூசைமாணிக்கத்தோட தாத்தன் காலத்துல அஞ்சாறு ஊடு ஏசு வேதத்துக்கு வந்துருச்சு. மத்த ஊடெல்லாம் மாரியாத்தாளோடயே நின்னுக்கிச்சு. அதனால யாருக்கும் ஒண்ணும் நட்டமில்ல. சாமிய மாத்திக்கலாம், கெணத்த மாத்த முடியுமா? ரெண்டு சனத்துக்கும் ஒரே படிக்கெணறு. கெழக்குப் படி எங்களுக்கு, மேக்குப் படி அவங்களுக்கு. நாங்க இந்தப் பக்கம் எறங்கி முழங்கால் தண்ணியில நின்னு கொடத்த முக்குவோம். அவங்க அந்தப் பக்கம் எறங்கி முழங்கால் தண்ணியில நின்னு முக்குவாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கமாட்டோம்.

பகைக்குக் காரணம் ஒரு பூவரச மரம். கெணத்து மேட்டுல இருந்துது. அத எங்க மாமனாரு வெட்டுனாரு. எதுக்கால இருந்த பங்காளி கோவிச்சுக்கிட்டு, எங்க மாமனாரு செத்தப்ப வரல. அப்புறம் அவரு செத்தாரு, நாங்க போவல. அவரு மவன் மாரியப்பன் எங்க ஊட்டுக்காரருக்கு இளையவரு, எனக்குக் கொழுந்தன் மொறை. நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அவரு கொரல எங்கிட்டப் பேசிக் கேட்டதில்ல. மாட்டத் திட்றதுதான் கேட்டிருக்கேன். அதுகூட எங்களுக்குக் கேக்கோணும்னுதான் திட்டுவாரு.

அந்தக் காலத்துல எங்க பக்கம் நரம்புச்சிலந்தின்னு ஒரு சீக்கு. இப்பத்த புள்ளைங்களுக்குத் தெரியாது. அது ஒரு புழு. கெணத்துத் தண்ணியோட கண்ணுக்குத் தெரியாம வயித்துக்குள்ள போயிரும். ஒரு வருசம் உள்ளயே சொகமா இருக்கும். போன வருசம் குடிச்ச தண்ணிக்கு இந்த வருசம் கூலி வாங்க வரும். காலுல ஒரு கொப்புளம் வந்து ஒடைஞ்சு, வெள்ள நூலாட்டத் தலைய நீட்டும். நெருப்ப மிதிச்சாப்பல எரியும். எரிச்சல் அடங்கோணும்னு சனம் ஓடிப்போயி கெணத்துத் தண்ணிக்குள்ள கால வெச்சுக்கும். வெச்சா புழு அங்க குஞ்சு விட்டுரும். அத மறுக்கா குடிப்போம். சக்கரமாட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்.

நூலு வெளிய வந்ததும் ஒரு வெளக்குமாத்துக் குச்சியில சுத்தி வெச்சுக்கோணும். தெனத்துக்குக் கொஞ்சம், தெனத்துக்குக் கொஞ்சம்னு சுத்தி இழுக்கோணும். அவசரப்பட்டா அறுந்துக்கும். அறுந்தா உள்ள இருக்கறது சீழ் புடிச்சு, காலே போயிரும். அதனால எங்க ஊருல பொறுமைக்காரங்க நெறைய.

எங்க ஊட்டுக்காரருக்கு முழங்காலுக்குப் பக்கத்துல வந்துது. குச்சியக் காலோட கட்டிக்கிட்டே கவலை ஓட்டுனாரு. கவலைன்னா மாடு கட்டித் தண்ணி எறைக்கறது. ஒரு நா மாட்டுக் கவுறு குச்சியில மாட்டிக்கிச்சு. மாடு ஒரு எட்டு வெச்சுது. அவ்வளவுதான், அறுந்துருச்சு. மக்கா நாளு முழங்காலு பூசணிக்கா ஆயிருச்சு. அந்தக் காலு இருந்தாத்தான் கவலை, கவலை இருந்தாத்தான் குச்சிக்கிழங்கு, கிழங்கு இருந்தாத்தான் சோறு. எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். யாராச்சும் ஒரு டாக்டரு அந்தக் கால அறுத்து, சீழ எடுத்து, ஊசி போட்டுரோணும்.

வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கம்பவுண்டரு எந்த ஊருன்னாரு. சொன்னேன். வேதக்காரங்களான்னாரு. ஆமாங்கன்னேன். அவரு மூஞ்சி மலர்ந்து போச்சு. உங்களுக்குன்னு தனியாத் திட்டம் வந்திருக்கு, சிறுபான்மையோர் சுகாதாரத் திட்டம், இனிமே உங்களுக்குன்னே ஒரு டாக்டரு ஊடு தேடி வருவாரு, நாங்க தொட்டா ரெண்டு தரம் வைத்தியம் பாத்தாப்பல ஆயிரும்னாரு. நீங்க குடுத்து வெச்சவங்கன்னும் சொன்னாரு. வண்டியத் திருப்பிக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் எங்க ஊட்டுக்காரரு தனி டாக்டருன்னா எப்படி இருப்பாருன்னு நெனச்சுக்கிட்டு வந்தாராட்டம் இருக்கு.

அடுத்த வாரம் ஜீப்பு வந்துது. மாதா கோயில் முன்னால வேப்பமரத்தடியில கூட்டம் போட்டாங்க. திட்டத்து ஆபீசரு வெள்ளச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. நல்ல மனுசந்தான், கோவமே வராது. எங்க ஊட்டுக்காரரக் கட்டலோட தூக்கிக்கிட்டு வந்து முன்னால போட்டோம். டாக்டருன்னு நெனச்சு ஆபீசருக்குக் காலக் காட்டுனாரு. ஆபீசரு காலப் பாத்து வணக்கம் சொல்லிட்டுப் பேச ஆரம்பிச்சாரு.

"உங்களுக்காக எதையும் செய்ய நாங்கள் வரவில்லை. உங்களோடு சேர்ந்து செய்யவே வந்திருக்கிறோம்."

எங்க மாமியா சகாயம்மாள் எம் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. "மொத பாதி புரிஞ்சுதுடி தெரசா"ன்னு எங்கிட்டச் சொல்லுச்சு.

ஆபீசரு ரொம்ப நேரம் பேசுனாரு. நோய் உடம்புல இல்ல, ஒத்துழைப்பு இல்லாததுலதான் இருக்குன்னாரு. அப்புறம் கையத் தூக்கி, "சிறுபான்மை மக்களின் ஆரோக்கியம் சமுதாயப் பங்காளிகளின் கையில்தான் இருக்கிறது. பங்காளிகள் முன்வராத ஊரில் எங்கள் டாக்டர் காலடி வைக்கமாட்டார்" அப்படின்னாரு.

ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்க மாமியா எந்திரிச்சு நின்னுச்சு.

"ஏஞ்சாமி, எங்க ஆரோக்கியம் பங்காளி கையிலயா இருக்குது?"

"ஆமாம் அம்மா. முழுக்க முழுக்க."

"அப்ப எங்களுக்குச் சீக்கு வந்தது சரிதாஞ்சாமி" அப்படின்னுட்டு உக்காந்துக்கிச்சு.

ஆபீசரு அதப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டாரு. எங்க ஊட்டுக்காரரு கட்டல்ல இருந்து, டாக்டரு எப்பங்க வருவாருன்னு கேட்டாரு. உங்கள் பங்காளிகள் எப்போது வருகிறார்களோ அப்போதுன்னுட்டு ஆபீசரு ஜீப்புல ஏறிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி எங்க ஊட்டுல சோறு யாருக்கும் எறங்கல. மாரியப்பன் ஊட்டுக்கு யாரு போறது? எங்க ஊட்டுக்காரரு போக முடியாது. மாமியா போனா புதுசா ஒரு பகையோட திரும்பும். நாந்தான் போனேன்.

மாரியப்பன் வாசல்ல கால நீட்டி உக்காந்திருந்தாரு. அவரு குதிகால்லயும் ஒரு நூலு தொங்குது. குச்சிய வெச்சுக்கிட்டு மெல்லச் சுத்திக்கிட்டு இருந்தாரு. அவரு பொண்டாட்டி பொன்னாயி என்னயப் பாத்துட்டு உள்ள போயி, கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டா. நான் தடத்துலயே நின்னு, ஆபீசரு சொன்னத ஒண்ணு விடாம ஒப்பிச்சேன்.

அவரு குச்சியச் சுத்தறத நிறுத்திட்டாரு.

"மறுக்கா சொல்லுங்கண்ணி."

மறுக்கா சொன்னேன்.

"உங்க ஊட்டுக்காரன் காலு நல்லாவறது எங்கையிலதான் இருக்குதுன்னு, கவருமெண்டு சொல்லுச்சா?"

"ஆமாங்க."

"மைக்கு வெச்சா சொன்னாங்க?"

"மைக்கு வெச்சுத்தானுங்க."

பொன்னாயியக் கூப்புட்டு, வெளிய வந்து கேளுன்னாரு. அவளுக்காக இன்னொருக்கா சொன்னேன். அப்பறம் அவங்க ஆத்தாளுக்கு ஒருக்கா. அந்தக் கெழவிக்குக் காது மந்தம், கத்திச் சொன்னேன். தெருவே கேட்டுது. மாரியப்பன் தோளுத் துண்ட எடுத்துத் தலையில கட்டிக்கிட்டாரு. வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்டா வாரேன்னாரு. காலுக்குப் பண்டிதம் பாக்க வெத்தல பாக்கு வெச்சுப் பங்காளியக் கூப்புட்டது எங்க காட்டுல நாங்க மட்டுந்தான்.

அடுத்த கூட்டத்துக்கு மாரியப்பன் வண்டி கட்டிக்கிட்டு வந்தாரு. அவரு பின்னால பங்காளிங்க பூராவும் தலையில உருமாக் கட்டு, நெத்தி நெறைய திருநூறு, கல்யாணத்துக்கு வந்தாப்பல. ஆபீசரு கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. இவங்கெல்லாம் யாருன்னாரு. பங்காளிங்கன்னோம். எந்தப் பங்காளின்னாரு. எங்க பங்காளிதானுங்கன்னோம்.

கொஞ்சங் கொஞ்சமாத்தான் வெளங்குச்சு. அவரு சொன்ன பங்காளின்னா மாதர் சங்கம், வாசகசாலை, வாலிபர் மன்றம் அந்த மாதிரியாம். எங்க காட்டுல அதெல்லாம் இல்ல. பங்காளி மட்டுந்தான் இருந்தாங்க. ஆபீசரும் கூட வந்தவங்களும் ஜீப்புக்குப் பின்னால போயி ரொம்ப நேரம் பேசுனாங்க. திரும்பி வந்து, "பங்காளிகள் எந்த மதத்தவராகவும் இருக்கலாம் என்று விதியிலேயே இடமிருக்கிறது. இது எதிர்பாராத வெற்றி" அப்படின்னு சொல்லி, எல்லாருக்கும் மாலை போட்டாரு. மாலை போட்ட சந்தோசத்துல மாரியப்பன் கால நீட்டி, டாக்டரு வந்தா இதையும் பாப்பாருங்களான்னு கேட்டாரு.

"மன்னிக்கவேண்டும். நீங்கள் பங்காளி. பயனாளி அல்ல."

"ரெண்டும் ஒரே கெணத்துப் புழுதானுங்களே."

ஆபீசரு யோசிச்சாரு. நெசமாவே கண்ண மூடி யோசிச்சாரு.

"புழு ஒன்றாக இருக்கலாம். கால் வேறு. அவர் காலில் இருப்பது சிறுபான்மைப் புழு. உங்கள் காலில் இருப்பதற்கு வேறு இலாகா இருக்கிறது."

மாரியப்பன் அவரு காலப் பாத்துக்கிட்டாரு. அப்பறம் எங்க ஊட்டுக்காரரு காலப் பாத்தாரு. பூவரச மரம் வெட்டுனதுக்கு அப்புறம் எங்க ஊட்டு ஆம்பளைங்க மேல அவரு கண்ணு பட்டது அன்னிக்குத்தான்.

டாக்டரு எங்கன்னு கேட்டேன். பங்காளிகள் சேர்ந்தாச்சு, அடுத்தது மக்களோட நம்பிக்கைகளப் புரிஞ்சுக்கோணும், அப்பறம் டாக்டருன்னாரு. காலு பூசணிக்காயில இருந்து செவந்து, செவப்புல இருந்து கறுப்பா மாறிக்கிட்டு இருந்துது.

நம்பிக்கையப் புரிஞ்சுக்க ஒரு பொம்பள வந்துச்சு, சௌந்திரம்னு பேரு. படிச்ச புள்ள, நல்ல கொணம். வெயில்ல குடை புடிச்சுக்கிட்டு ஊடு ஊடா வந்து, இந்தச் சீக்கு ஏன் வருதுன்னு நெனக்கிறீங்கன்னு கேட்டுச்சு. தண்ணியில வருதுங்கன்னோம். அது சரி, ஆனா நீங்க என்ன நம்பறீங்கன்னுச்சு. தண்ணியில வருதுன்னுதான் நம்பறோம்னோம். அதுக்கு மூஞ்சி வாடிப்போச்சு. எந்தத் தெய்வத்தோட கோவம்னு ஒருத்தருமே சொல்லலீங்களான்னு கேட்டுச்சு. நாங்க வேதக்காரங்க அம்மான்னோம். அப்பன்னா எந்தப் புனிதரு கோவம்னுச்சு.

எங்க மாமியாவுக்கு மனசு தாங்கல. வெயில்ல வந்த புள்ள, வெறுங்கையோட அனுப்பறது மொறையில்ல. ஊட்டுல வேற ஒண்ணும் இல்ல குடுக்க. "சூசையப்பரு கோவிச்சுக்கிட்டாருன்னு வெச்சுக்கம்மா"ன்னுச்சு.

அந்தப் புள்ள சந்தோசமாப் போச்சு. அடுத்த மாசம் பெயிண்டருங்க வந்து கோயில் செவுத்துல சூசையப்பரு படம் எழுதுனாங்க. கையில லீலிப் பூவு வெச்ச கோல் இருக்குமில்லீங்களா, அந்தக் கோலுல பூவுக்குப் பதிலா ஒரு வெள்ளப் புழு சுத்திக்கிட்டு இருக்குது. கீழ, 'பொறுமையே மருந்து'ன்னு எழுதி இருந்துது. பொடுசுங்க அந்தப் பக்கமே போவ பயந்துக்கிச்சுங்க. எங்க ஊட்டுக்காரரு பேரும் சூசை, அவரு கையிலயும் குச்சி. ஊருல வெச்ச பேரச் சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும். அவரும் சிரிச்சாரு. அப்ப அவருக்குச் சிரிக்கவாச்சும் முடிஞ்சுது.

சௌந்திரம் தண்ணிய வடிகட்டறதுக்கு ஊட்டுக்கு ஒரு துணி குடுத்துச்சு. தண்ணியத் துணியில வடிகட்டிக் குடிச்சா புழு உள்ள போவாதாம். நல்ல சேதிதான். ஆனா அந்தத் துணியில திட்டத்தோட பேரப் பெருசா அச்சடிச்சிருந்தாங்க. தண்ணி ஊத்துனா அச்சு மை கரைஞ்சு தண்ணி ஊதாவா வந்துது. எங்க மாமியா அதக் காய வெச்சு, கோயிலுக்குப் போறப்ப முக்காடா போட்டுக்கிச்சு. ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்த பங்குச் சாமியாரு திரும்பிப் பாத்தா, பொம்பளைங்க தலையெல்லாம் சிறுபான்மையோர் சுகாதாரத் திட்டம்னு இருக்குது. நான் எம் பழைய நூல் சீலையக் கிழிச்சு, நாலா மடிச்சு வெச்சு வடிகட்டிக்கிட்டேன். அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் வடிகட்டறத நிறுத்தல.

காலு நாத்தம் எடுக்க ஆரம்பிச்சுது. மறுக்கா டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுனேன். கம்பவுண்டரு, உங்க திட்டந்தான் நல்லா நடக்குதாமே, பேப்பர்ல போட்டிருந்துதேன்னு சந்தோசப்பட்டு அனுப்பி வெச்சாரு.

கடைசியா ஆபீசரு வந்து, ஒற்றுமை விழா நடத்தோணும், அதுக்கு டாக்டரு கட்டாயம் வருவாருன்னாரு. நெசந்தான், வந்தாரு. கெணத்து மேட்டுல பந்தல், காயிதத் தோரணம். டாக்டரு எங்க பக்கத்து ஆளுதான், பேச்சுலயே தெரிஞ்சுது. எங்க ஊட்டுக்காரரக் கட்டலோட கொண்டுபோயி அவரு முன்னால வெச்சோம். பை எங்கீங்கன்னு கேட்டேன்.

"விழாவுக்குன்னுதான் கூப்புட்டாங்கம்மா. பை கொண்டுவர்ல."

கழுத்துல மாலையோட கொஞ்சம் தள்ளி நின்னே குனிஞ்சு பாத்தாரு. அவரு மூஞ்சி மாறிப் போச்சு.

"இத முன்னாடியே காட்டியிருக்கோணுமே"ன்னாரு.

அதுக்குள்ள அவர மேடைக்குக் கூப்புட்டாங்க, போயிட்டாரு.

அன்னிக்கு ஆபீசரு ஒரு ஏற்பாடு செஞ்சிருந்தாரு. ரெண்டு பங்காளியும் அந்தக் கெணத்துத் தண்ணிய எடுத்து ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக் குடிக்கோணும், அதப் போட்டோ புடிக்கோணும். அவரே கெணத்துல கால வைக்காதீங்க, வடிகட்டாமக் குடிக்காதீங்கன்னு பேசி முடிச்சு வாய மூடல, மாரியப்பன அந்தக் காலோட படியில எறங்கச் சொல்லி முக்கச் சொன்னாரு. நான் சீலைத் துணியத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். துணி போட்டோவ மறைக்கும்னு போட்டோக்காரரு ஓரமா நிக்கச் சொல்லிட்டாரு. மேடையில இருந்த பெரியவங்களும் தம்ளரத் தூக்குனாங்க. அவங்க தம்ளர்ல எளநி.

மாரியப்பன் சொம்ப எங்க ஊட்டுக்காரரு வாயில வெச்சாரு. எங்க ஊட்டுக்காரரு குடிச்சுட்டு, சொம்ப வாங்கி மாரியப்பன் வாயில வெச்சாரு. போட்டோக்காரரு சரியா உழுவல, மறுக்கான்னாரு. மறுக்கா குடிச்சாங்க. நெசத்தச் சொல்றேன், அவங்களுக்கு அது போட்டோவாத் தெரியல. பங்காளி கையில தண்ணி வாங்கிக் குடிச்சா எங்க பக்கம் பகை முறிஞ்சுதுன்னு அர்த்தம். பொன்னாயி முந்தானைய வாயில வெச்சு அழுதா. எங்க மாமியா பூவரச மரத்து அடிக்கட்டை இருந்த எடத்தப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஆபீசருக்கு இதெல்லாம் தெரியாது. அவரு கை தட்டிக்கிட்டு இருந்தாரு.

அதுக்கப்பறம் ஒரு நல்லது நடந்துது, அத மறைக்கக் கூடாது. எங்க மொறைக்கும் மாரியப்பனே கவலை ஓட்டுனாரு, குதிகால்ல நூலோடயே. எங்க ஊட்டுக்குள்ள வந்து கட்டல் பக்கத்துல உக்காந்துக்குவாரு. ஒரு நா சொன்னாரு, அண்ணா, ரெண்டு பக்கத்துப் படியையும் கல்லு வெச்சு மூடிரலாம், மேல சொவரு வெச்சு, கப்பி போட்டுக் கவுத்துல எறைச்சுக்கலாம், யாரு காலும் தண்ணியில படாதுன்னு. எங்க ஊட்டுக்காரரு சரீன்னாரு. கல்லுக்கூடக் கொண்டுவந்து போட்டுட்டாங்க.

அதுக்குள்ள ஜீப்பு வந்துருச்சு. கெணத்து மேட்டுல ஒரு போர்டு நட்டாங்க. 'முன்மாதிரி ஒற்றுமைக் கிணறு. உருமாற்றம் செய்யக்கூடாது.' அந்தப் போட்டோ மெட்ராசுல பெரிய கட்டடத்துல மாட்டி இருக்காம், வெளியூர் ஆளுங்க பாக்க வாராங்களாம், வந்தா படி இருக்கோணுமாம். மாரியப்பன், படியிலதானுங்க புழுவே வருதுன்னாரு. ஆபீசரு அவரு தோள்ல கை வெச்சு, "படி வெறும் படி அல்ல. பங்காளிகள் இறங்கி வந்ததன் அடையாளம்" அப்படின்னாரு. கொண்டுவந்த கல்லு மேல போர்டு நட்டவங்க உக்காந்து டிபன் சாப்புட்டாங்க.

மழைக்காலத்துல எங்க ஊட்டுக்காரருக்குக் காய்ச்ச வந்து, ஒரு வாரம் நெனப்பில்லாம கெடந்தாரு. நானும் மாரியப்பனும் சவரக்கத்திய நெருப்புல காட்டி நாங்களே அறுத்தோம். சீழு ஒரு சட்டி வந்துது. உசுரு நின்னுது. காலு நிக்கல. முழங்காலு மடங்கவும் இல்ல, நீளவும் இல்ல, காஞ்ச கட்டையாட்டம் ஆயிருச்சு. கீழ கிள்ளுனாக்கூடத் தெரியாது. எனக்கு அழுகையும் வரல, கோவமும் வரல. காலையில எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி வெச்சேன்.

அடுத்த கோடையில திட்டம் முடியற கட்டத்துல, பலன் எப்படி இருக்குன்னு கேக்க ஆபீசரு வந்தாரு. சித்திர மாச வெயிலு, ஜீப்பு சக்கரம் வண்டித்தடத்துப் புழுதியில பதிஞ்சு, ரொம்பத் தூரம் நடந்தே வந்திருக்காரு. வேர்த்து ஊத்துது. எங்க ஊட்டுக்காரரு பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து, கைய அந்தக் காலு மேலயே அன்பா வெச்சுக்கிட்டாரு. கை வெச்சது எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியல.

"திட்டம் வந்தபின் உங்களிடம் என்ன மாற்றத்தைக் காண்கிறீர்கள்? தயங்காமல் சொல்லுங்கள்."

எங்க ஊட்டுக்காரரு யோசிச்சுச் சொன்னாரு. "முந்தி ராவும் பகலும் எரியுமுங்க. இப்ப ஒண்ணுமே தெரியறதில்லீங்க."

ஆபீசருக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூட வந்தவருகிட்டத் திரும்பி, வலி முழுவதும் நீங்கியதுன்னு எழுதிக்கச் சொன்னாரு. அப்பறம் மாரியப்பன் பத்திக் கேட்டாரு. தெனமும் வாராரா, உதவி பண்றாரான்னு. ஆமாங்கன்னோம். பாத்தீங்களா, டாக்டர் இல்லாமலேயே நடத்திக் காட்டினோம்னு ரொம்ப நிம்மதியாச் சொன்னாரு. அந்த நிம்மதியில பொய்யே இல்லீங்க, அதான் எனக்கு இன்னிக்கும் நெனப்பிருக்கு.

கெளம்பறப்ப, தாகமா இருக்குது, கொஞ்சம் தண்ணி குடும்மான்னாரு. ஊட்டுக்கு வந்தவங்க கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது. அப்பத்தான் கெணத்துல இருந்து கொண்டுவந்து வெச்ச கொடம். சொம்பு வாயில எஞ் சீலைத் துணிய நாலா மடிச்சுப் போட்டு ஊத்தப் போனேன். துணியப் பாத்துட்டு ஆபீசரு மூஞ்சியச் சுளிச்சாரு. பழைய துணி, மஞ்சக் கறை வேற.

"துணியெல்லாம் வேண்டாம் அம்மா. அப்படியே கொடுங்கள்."

"வடிகட்டிக் குடுக்கறனுங்களே. நீங்க சொன்னதுதானுங்க."

"அது உங்களுக்கு. எனக்கு அப்படியே ஊற்றுங்கள்."

ஊத்துனேன். அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிச்சாரு. மறுக்கா கேட்டாரு, மறுக்கா ஊத்துனேன். கைக்குட்டையில வாயத் தொடச்சுக்கிட்டு, "தேன் மாதிரி இருக்கிறதே, எந்தக் கிணறு?" ன்னாரு.

"பங்காளிக் கெணறுங்க"ன்னேன்.

அதையும் எழுதிக்கச் சொன்னாரு.